பிரித்தது ஆறன்று

(திங்கள்தோறும் நடைபெறும் நூலாய்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



இவ்வரங்கில் நான் பேச எழும்போதெல்லாம் தொல்காப்பியம் பற்றியோ கழக இலக்கியம் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று விலகி, கடல்கடந்த நாடொன்றின் புதினத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். தமிழாசிரியனுக்கு ஆப்பிரிக்கப் புதினத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவ்வினாவிற்கு விடை என் பேச்சின் இறுதியில் கிடைக்கும். அதுவரை பொறுத்தருள்க.

கென்ய நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025 ஆம் ஆண்டு மே 28 ஆம் நாள் மறைந்தார். அச்செய்தியைப் படித்த அன்று, என் நூலடுக்கில் நெடுநாள் உறங்கிக் கிடந்த அவருடைய பழம்புதினம் ஒன்றை எடுத்து மீண்டும் படித்தேன். கல்லூரியில் பயின்ற காலத்தில் அதனை ஒருமுறை படித்திருக்கிறேன். அன்று அந்நூலில் வெள்ளையனின் கொடுமையை மட்டுமே கண்டேன். இம்முறை அதில் என்னையும் கண்டேன். அஃது எனக்கு உவப்பாக இல்லை. அந்த உவப்பின்மையை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இன்றைய என் பொழிவின் நோக்கம்.

அப்புதினம் 1965 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் ‘இடையில் ஓடும் ஆறு’ எனலாம். உகாண்டா நாட்டு மேக்கரேரேயில் கல்லூரி மாணவராய் இருந்தபொழுதே அவர் அதனை எழுதிவிட்டார். அன்று அவர் பெயர் சேம்சு கூகி.

இரண்டு மலைமுகடுகள்

கதை நிகழுமிடம் கிகுயு இனத்தார் வாழும் மலைநாடு. கமேனோ, மகுயு என்னும் இரண்டு மலைமுகடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிரே கிடக்கின்றன. இரண்டிற்கும் நடுவே ஓனியா என்னும் ஆறு ஓடுகிறது. அப்பெயர்க்கு நோய் தீர்ப்பது, உயிர் மீட்பது என்பது பொருள். எக்காலத்தும் வற்றாத ஆறு அது. இரு முகட்டாரும் நீர் மொள்வது அவ்வாற்றிலேதான். கால்நடைகட்கு நீர் காட்டுவதும் அவ்வாற்றிலேதான். சடங்கு செய்துகொள்ளும் இளையோர் விடியற்குளிரில் முழுகி எழுவதும் அங்கேதான்.

அவ்வினத்தின் முதற்பெற்றோர் கிகுயு, மும்பி என்னும் இருவர். அவர்கள் வந்து தங்கிய இடம் எங்கள் முகடே என்று மகுயுவார் உரிமை கொண்டாடுவர். இல்லை, எங்கள் முகடே என்று கமேனோவார் மறுப்பர். மூகோ வா கிபிரோ என்னும் பெரும் முன்னுரைப்போன், வண்ணத்துப்பூச்சி போன்ற ஆடை உடுத்த மாந்தர் நம் நாட்டிற்கு வருவர் என்று முன்னறிந்து உரைத்தவன், எங்கள் ஊரில் அன்றோ பிறந்தான் என்பர் அவர்கள்.

இங்கே ஒன்றைக் கருதுங்கள். இப்போட்டி வெள்ளையன் அம்மலையில் கால்வைப்பதற்கு முன்னரே இருந்தது. ஒரே மொழி, ஒரே முன்னோர், ஒரே தண்ணீர். ஆயினும் முதன்மை யார்க்கு என்னும் வினா மட்டும் தீர்ந்தபாடில்லை. கதையின் முதற்பக்கங்களிலேயே இதனை வைத்துவிட்டார் ஆசிரியர். பின்னே வருவன எல்லாம் இதன்மேல் ஏறியவையே. கிறித்தவம் வந்தது, அப்பழம்போட்டிக்குப் புதுப்பெயர் கிடைத்தது. மகுயு கிறித்தவரின் முகடாயிற்று. கமேனோ முன்னோர் நெறியின் முகடாயிற்று. நடுவே ஓடிய ஆறு எல்லைக்கோடாயிற்று.

மூன்று தலைவர்கள்

மகுயுவின் தலைவர் யோசுவா. இளமையில் அஞ்சி ஓடிச் சிரியானா என்னுமிடத்திலுள்ள வெள்ளையர் சமயப்பள்ளியை அடைந்து, புதுச்சமயம் தழுவித் திரும்பியவர். தம் இனத்து வழக்கம் அனைத்தும் இருள் என்பது அவர் துணிபு. அவருடைய மனைவி மிரியாமு, மணத்திற்கு முன்னரே இனத்தின் சடங்கைச் செய்துகொண்டவள். அவளை மணந்ததே தமக்கு இழுக்கோ என்று உள்ளூர நடுங்கும் மனிதர் அவர். வெளியே அவர் குரல் இடி போன்றது. உள்ளே இருப்பதோ அச்சம். தம் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பழைய இனத்தைக் கண்டு அஞ்சுகிறவர், வெளியில் அதனைக் கடுமையாகச் சாடுகிறார்.

கமேனோவில் சேகே என்னும் முதியவர் இருக்கிறார். முன்னுரைப்போன் மூகோவின் வழியில் வந்தவர். அவர் மகன் வையாக்கி. ஒருநாள் மகனை மலைமேலுள்ள கோயிற்சோலைக்கு அழைத்துச் சென்று, இனத்தை மீட்கும் ஒருவன் நம் வழியிலேயே தோன்றுவான் என்னும் பழைய உரையைத் தந்தை சொல்கிறார். சொன்னதோடு அமையாமல், நீ சிரியானாவிற்குச் செல். வெள்ளையனின் அறிவனைத்தையும் கற்றுக்கொள். அவன் தீயொழுக்கத்தைக் கொள்ளாதே. உன் இனத்திற்கு உண்மையாய் இரு என்றும் பணிக்கிறார். இளம்பிள்ளையின் தோளில் இரண்டு உலகங்களையும் ஏற்றி அனுப்பிவிடுகிறார் தந்தை.

மூன்றாமவர் கபோனி. இவரைத்தான் நாம் உற்றுநோக்க வேண்டும். தொடக்கத்தில் இவர் யோசுவாவோடு சேர்ந்து புதுச்சமயம் தழுவியவர். யோசுவாவின் வலக்கையாய் இருந்தவர். பின்னர் அதனை விட்டுப் பிரிந்து, இனத்தூய்மையின் காவலராய் எழுந்து நிற்கிறார். கியாமா என்னும் அவையை அமைத்து, இனத்திற்கும் அதன் தூய்மைக்கும் இரண்டகம் செய்யேன் என்று சூளுரை வாங்குகிறார். சேகேக்குத் தெரிந்த பழைய முன்னுரை கபோனிக்கும் தெரியும். மீட்பன் ஏன் அந்த இளைஞனாக இருத்தல் வேண்டும், தானாகவோ தன் மகன் காமாவு ஆகவோ இருத்தல் ஆகாதோ என்னும் எண்ணம் அவர் நெஞ்சைப் புழுவாய் அரிக்கிறது.

ஒரு பெண்ணின் இறப்பு

இம்மூவர்க்கும் நடுவே யோசுவாவின் மகள் முத்தோனி. கிகுயு இனத்தில் ஆணும் பெண்ணும் முழுமாந்தராக ஏற்கப்படுவதற்கு உறுப்பரியும் சடங்கு இருந்தது. பெண்ணுக்குச் செய்யும் அச்சடங்கு உடற்கும் கேடு, உயிர்க்கும் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. கென்ய நாடே 2011 ஆம் ஆண்டு சட்டமியற்றி அதனைத் தடைசெய்துவிட்டது. எனவே அச்சடங்கிற்காக வழக்காட நான் வரவில்லை.

ஆயினும் அப்பெண் ஏன் அதனை விரும்பினாள் என்று கேட்டாக வேண்டும். அவள் கிறித்துவை வெறுக்கவில்லை. தந்தையின் சமயத்தை விட்டுவிடவும் இல்லை. தன் இனத்துப் பெண்ணாகவும் இருக்க வேண்டும், தன் இறைவனுக்கு உரியவளாகவும் இருக்க வேண்டும் என்பதே அவள் வேட்கை. ஆற்றைக் கடந்து கமேனோவிலுள்ள அத்தை வீட்டிற்குச் சென்று சடங்கு செய்துகொள்கிறாள். புண் ஆறவில்லை. வையாக்கி முன்னின்று அவளைச் சிரியானா மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கிறான். அங்கே அவள் இறந்துபடுகிறாள். இறக்கும்போது அவள் முகத்தில் தோல்வி இல்லை. இரண்டையும் அடைந்தேன் என்னும் நிறைவே இருந்தது.

அவள் உடலால் இணைக்க முயன்ற இரண்டையும் தலைவர்கள் அவள் பிணத்தைக் காட்டிப் பிளந்தார்கள். பாருங்கள், இருளின் பக்கம் போனவளுக்கு நேர்ந்த ஒறுப்பு என்றது ஒரு முகடு. பாருங்கள், வெள்ளையன் தெய்வம் விளைத்த கேடு என்றது மற்றொரு முகடு. முத்தோனி என்ன விரும்பினாள் என்று கேட்டவர் எவருமில்லை. பெற்ற தந்தையோ, அவள் வீட்டைவிட்டுச் சென்ற அன்றே எனக்கு மகளில்லை என்று கைகழுவிவிட்டார்.

புதினத்தில் சிரியானாப் பள்ளி அச்சடங்கை விடாதவர்தம் பிள்ளைகளை வெளியேற்றுகிறது. இது வெறுங்கற்பனை அன்று. 1929, 1930 ஆம் ஆண்டுகளில் கிகுயு நாட்டில் உண்மையாகவே இப்பூசல் எழுந்தது. இசுக்காத்துலாந்துச் சமயப்பரப்பு அமைப்பு முதலானவை, சடங்கைக் கைவிடும் உறுதிமொழியைக் கேட்டன. தர மறுத்தவர்கள் விலக்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. அப்போது அம்மக்கள் அழுதுகொண்டு அமரவில்லை. தாமே பணம் திரட்டித் தாமே பள்ளிகளைக் கட்டினர். அத்தகைய பள்ளி ஒன்றில்தான் கூகியும் சிறுவனாய்ப் படித்தார்.

கதையில் வையாக்கி கட்டும் மரியோசோனிப் பள்ளி அவ்வரலாற்றின் நிழல். மழை பெய்தால் ஒழுகும் கூரை. ஆனால் அது மக்களின் சொந்தப் பள்ளி. மக்கள் அவனைப் பெயர்சொல்லி அழைப்பதை விட்டு ஆசிரியர் என்றே அழைக்கத் தொடங்குகின்றனர். முகடு முகடாகப் பள்ளிகள் எழுகின்றன. ஆசிரியத் தொழில் செய்பவன் நான். அப்பக்கங்களைப் படிக்கையில் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கைதட்டலில் மறந்த சொல்

ஒருநாள் பெற்றோர்களின் பெருங்கூட்டம் கூடுகிறது. பள்ளிக்கு இன்னும் கட்டடம் வேண்டும், எழுதுபொருள் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று வையாக்கி பேசுகிறான். கபோனி எழுகிறார். நம் நிலம் போயிற்று, வரி வந்தது, இவனோ எழுதுகோலைப் பற்றிப் பேசுகிறான். நம் முன்னோர் நமக்களித்த அறிவு வெள்ளையன் அறிவினும் தாழ்ந்ததோ? இந்தச் சிறுவனோ நமக்குத் தலைவன்? இவ்வகையில் அமைகிறது அவர் பேச்சு.

பெருமக்களே, உண்மையைச் சொல்கிறேன். நான் அக்கூட்டத்தில் இருந்திருந்தால் கபோனிக்குக் கைதட்டியிருப்பேன். நம் முன்னோர் அறிவு தாழ்ந்ததன்று என்னும் கருத்தில் என்ன பிழை? நிலம் பறிபோவதைப் பற்றிக் கேட்டதில் என்ன பிழை? பிழை சொல்லில் இல்லை. அச்சொல் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதிலே இருக்கிறது. அது வெள்ளையனை நோக்கி எறிந்த வேல் அன்று. எதிரே நின்ற இருபது அகவை இளைஞனின் செல்வாக்கை நோக்கி எறிந்த வேல்.

வையாக்கி மறுமொழி சொல்கிறான். கூட்டம் அவன் பக்கம் சாய்கிறது. ஆரவாரம் எழுகிறது. கபோனி தலைகுனிகிறார். இங்கேதான் புதினத்தின் உயிர்நிலை. இரு முகட்டாரும் ஒன்றுபட வேண்டும் என்று சொல்லவே வையாக்கி அன்று கருதியிருந்தான். எல்லாரும் செவிமடுத்திருந்த அந்நேரத்தில், ஆரவார மயக்கத்தில், அச்சொல்லை அவன் மறந்துவிட்டான். கூட்டம் கலைந்தது. அத்தகைய வேளை மீண்டும் அவனுக்கு வாய்க்கவேயில்லை.

கபோனியின் குற்றம் பொறாமை, அது வெளிப்படை. வையாக்கியின் குற்றம் அவ்வாறன்று. அவன் நல்லவன், உழைப்பாளி, தன்னலம் கருதாதவன். ஆயினும் வெற்றியின் இனிமை அவன் நாவைக் கட்டிப்போட்டது. இரு புறத்தையும் இணைக்க வந்தவன், ஒரு புறத்தின் தலைவன் என்னும் நிலையை ஏற்றுக்கொண்டான். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று பேசிய கோவூர் கிழாரை நாம் அறிவோம். இருவரும் ஒரே சோழர்குடி என்று இருவர் முகத்துக்கும் நேரே சொல்ல அவரால் இயன்றது. அவர் புலவர், அரியணை அவருக்கு வேண்டுவதில்லை. வையாக்கியோ நடுவராகவும் விரும்பினான், தலைவனாகவும் இருந்தான். இரண்டும் ஒருங்கே அமைதல் அரிது.

இருள்

எஞ்சிய கதையைச் சுருங்கச் சொல்லி விடுகிறேன். வையாக்கி முத்தோனியின் அக்கை நியாம்புராவிடம் அன்பு கொள்கிறான். அவள் யோசுவாவின் மகள், சடங்கு செய்துகொள்ளாதவள். கபோனியின் மகன் காமாவும் அவளை விரும்புகிறான் என்பது மற்றொரு முடிச்சு. உன் பெயரே உனக்குக் கேடாய் முடியும், விழிப்பாய் இரு என்று நண்பன் கினுத்தியா எச்சரிக்கிறான். வையாக்கி கியாமா அவையை விட்டு முன்னரே விலகிவிட்டான். ஆனால் அவன் இட்ட சூள் கபோனியின் கையில் இருக்கிறது. யோசுவாவைத் தாக்கக் கியாமாவார் திட்டமிடுகின்றனர் என்றறிந்து, எச்சரிக்கச் செல்கிறான் வையாக்கி. யோசுவாவோ பகைவனே போ என்று விரட்டுகிறார். அப்பொழுது நியாம்புரா தந்தையை மீறி அவன் கைபற்றி வெளியேறுகிறாள்.

இறுதியில் ஆற்றங்கரையில், கதிரவன் சாயும் வேளையில், மக்கள் கூடுகின்றனர். வையாக்கி இப்பொழுது ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறான், காலந்தாழ்ந்து பேசுகிறான். கபோனி அவன் சூளை நினைவூட்டுகிறார். நியாம்புராவைக் கொணர்ந்து நிறுத்துகின்றனர். இவளை அறியேன் என்று ஒரு சொல் சொன்னால் அவன் பிழைத்திருக்கலாம். அவன் சொல்லவில்லை. மக்கள் என்ன செய்தனர்? அவனை ஏற்கவும் இல்லை, ஒறுக்கவும் இல்லை. இருவரையும் கியாமாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நாணி, இருளில் வீடு திரும்பினர். ஆறு மட்டும் முன்போலவே ஒலித்துக்கொண்டு ஓடிற்று. அதன்பின் அவ்விருவர்க்கும் நேர்ந்தது என்ன என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நம்மை உறங்கவிடாமல் செய்கிறது.

விறகும் நெருப்பும்

இப்புதினத்தைப் பற்றிப் பேசுவோர் பலர், இது கிறித்தவத்திற்கும் பழஞ்சமயத்திற்கும் இடையே நிகழ்ந்த போர் என்பர். இரண்டு அடையாளங்கள் மோதின. அதனால் தலைவர்கள் மோதினர் என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அடையாளம் விறகு, தலைமை வேட்கை நெருப்பு. விறகு தானே எரிவதில்லை.

இதற்குச் சான்று கபோனியே. அவர் கிறித்தவராய் இருந்தபோதும் ஒருவர்க்கு அடுத்த நிலையில் இருந்தார். அது அவருக்குப் பொறுக்கவில்லை. இனத்தூய்மையின் பக்கம் வந்தபோதும் ஓர் இளைஞனுக்கு அடுத்த நிலையே வாய்த்தது, அதுவும் பொறுக்கவில்லை. அடையாளம் மாறிற்று, வேட்கை மாறவில்லை. ஒருவன் கொள்கை மாறுதல் குற்றமன்று. நேற்று இவ்வாறு எண்ணினேன், இன்று இவ்வாறு எண்ணுகிறேன், என் பிழை இது என்று மக்கள்முன் சொல்லி மாறுபவனை வணங்கலாம். தன் பழமையை மறைக்க வேண்டி மற்றவனின் தூய்மையை அளக்கப் புறப்படுபவனிடமே நாம் விழிப்பாய் இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கியாமாவின் விரல் யாரை நோக்கி நீண்டது? அடுத்த முகட்டில் வெள்ளை அரசின் பணியிடம் எழுகிறது. குடிசைக்கு வரி வருகிறது. நிலம் கைமாறுகிறது. அவற்றை நோக்கியா விரல் நீண்டது? இல்லை. தன் இனத்துப் பெண்ணொருத்தியை நோக்கி நீண்டது. தன் இனத்து ஆசிரியன் ஒருவனை நோக்கி நீண்டது. வலியவனை ஒன்றும் செய்ய ஏலாத தலைவன், எளியவனிடம் தூய்மையைத் தேடுகிறான். இது கிகுயு நாட்டிற்கு மட்டும் உரிய நோயன்று.

மக்களுக்கும் இதில் பங்குண்டு. வையாக்கியைத் தோளில் தூக்கியவரும் அவரே. இருளில் விட்டுச் சென்றவரும் அவரே. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று தலைவர்கள் கேட்டபோது, நாங்கள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், எங்களுக்கு ஆறு ஒன்றுதானே என்று சொல்ல ஒரு நா எழவில்லை. ஆறு அவர்களைப் பிரிக்கவில்லை, பெருமக்களே. தண்ணீர் எவரையும் பிரித்ததில்லை. கரையில் நின்று கோடு கிழித்தவர்கள் மாந்தரே.

என் வகுப்பறையில் நிகழ்ந்தது

என் பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன், ஆசிரியப் பணியில் நான் புதியவன். தூயதமிழ் உணர்வு நரம்பெல்லாம் ஓடிய காலம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன். அவனுக்கு வடமொழிப் பெயர். வருகைப்பதிவு எடுக்கும்போது அப்பெயரை நான் அழைக்க மாட்டேன். நானே ஒரு நல்ல தமிழ்ப்பெயரை அவனுக்கு இட்டு அழைத்தேன். அவனைக் கேட்கவில்லை. வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பை நான் தமிழுக்குக் கிடைத்த வெற்றி என்றே எண்ணினேன். பத்து நாள் அழைத்திருப்பேன். பதினோராம் நாள் அவன் வரவில்லை.

நான்கு நாள் கழித்து அவன் தாய் வந்தார், கூலிவேலை செய்பவர். கைகட்டி நின்று, “ஐயா, அது அவன் தாத்தா பேருங்க. அவரு போனதுக்கப்புறம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆளு வேணுமுன்னுதான் வச்சோம்” என்றார். நான் பெயர்ச்சொல்லின் வேரைப் பற்றி அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். என் விளக்கம் முடிந்ததும், “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போய்விட்டார்.

சிறுவன் திரும்பி வந்தான். நானும் அவன் பெயரை மாற்றி அழைப்பதை நிறுத்திக்கொண்டேன். ஆனால் அவ்வாண்டு முழுதும் தமிழ் வகுப்பில் அவன் வாய்திறக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாகவே படித்தான். தமிழ் ஒன்றில்தான் தலைகவிழ்ந்து இருந்தான். தமிழைக் காக்கப் புறப்பட்ட நான், தமிழுக்கு உரிய ஒருவனைத் தமிழிடமிருந்து துரத்தினேன். கபோனியின் பேச்சைப் படித்தபோது எனக்கு நினைவுவந்தது அந்தப் பத்து நாள்களே. அச்சிரிப்பு எனக்கு இனித்ததே, அந்த இனிப்பே என்னைக் குத்திற்று. அது தமிழ்ப்பற்று மட்டுமன்று. அந்த நாற்பது பிள்ளைகட்கு முன் நானே தலைவன் என்னும் களிப்பும் அதில் கலந்திருந்தது.

தன் கையால் மாற்றிய பெயர்

அப்படியாயின் தூய்மை வேண்டா, பெயர்மாற்றம் வேண்டா என்கிறேனா? ஒருகாலும் இல்லை. இதற்கும் விடை கூகியின் வாழ்விலேயே இருக்கிறது.

1952 ஆம் ஆண்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின், மக்கள் கட்டிய பள்ளிகளை வெள்ளை அரசு மூடிற்று. சிலவற்றைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஆங்கிலமே பயிற்றுமொழி ஆயிற்று. பள்ளியெல்லைக்குள் தாய்மொழியில் பேசிப் பிடிபட்ட பிள்ளைகள் அடிபட்டதையும், தான் மூடன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றதையும் கூகி பின்னாளில் எழுதியிருக்கிறார். அவ்விழிவை அறிந்த மனிதர், 1970களில் சேம்சு என்னும் பெயரைத் தாமே களைந்தார். கூகி வா தியாங்கோ ஆனார்; தியாங்கோவின் மகன் கூகி என்பது அதன் பொருள். வேதாசலம் மறைமலையடிகள் ஆனதை அறிந்த நமக்கு இதன் ஆழத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

1977 ஆம் ஆண்டு, தாம் பிறந்த கமிரீதூ என்னும் சிற்றூரில், உழவரையும் தொழிலாளரையும் நடிகராக்கிக் கிகுயு மொழியில் நாடகம் அரங்கேற்றினார், மற்றொரு கூகியோடு இணைந்து. ஆங்கிலத்தில் அவர் எழுதியபோது பொறுத்துக்கொண்ட விடுதலைக் கென்ய அரசு, தாய்மொழி நாடகத்தைப் பொறுக்கவில்லை. நாடகம் தடைபட்டது, அவ்வாண்டின் இறுதி நாளன்று அவர் சிறைபிடிக்கப்பட்டார். முறைமன்ற உசாவல் ஏதுமின்றி ஓராண்டு அளவும் சிறையில் இருந்தார். அங்கே, கழிப்பறைத் தாளில், தம் முதற் கிகுயுமொழிப் புதினத்தை எழுதினார். அது 1980 ஆம் ஆண்டு வெளிவந்தது.

நம் முன்னோர் அறிவு தாழ்ந்ததோ என்று கபோனி கேட்டார். அதே வினாவைத்தான் கூகியும் கேட்டார். ஒரே வினா, இரண்டு வழி. கபோனி அவ்வினாவால் தன்னினத்து இளைஞனை வீழ்த்தினார். கூகி அவ்வினாவைத் தம்மிடமே கேட்டுத் தம் பெயரை மாற்றினார், தம் எழுத்தை மாற்றினார், அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தார். ஊரார் பெயரை அவர் மாற்றவில்லை. உழவர் பேசும் மொழியில் உழவரையே பேசவைத்தார். தூய்மை என்பது நம் கையில் இருக்கும்போது அது தவம். அடுத்தவன் கழுத்தில் மாட்டும்போது அதுவும் ஓர் அட்டையே. தாய்மொழி பேசினாய் என்று மாட்டினாலும் அட்டைதான்; தாய்மொழியைத் தவறாகப் பேசினாய் என்று மாட்டினாலும் அட்டைதான். மாட்டப்பட்ட பிள்ளையின் கழுத்துக்கு இரண்டும் ஒரே சுமை.

பெருமக்களே, தமிழாசிரியனுக்கு ஆப்பிரிக்கப் புதினத்தில் என்ன வேலை என்னும் வினாவிற்கு இதுவே என் விடை. நம் இயக்கத்துள்ளும் முகடுகள் உண்டு. யார் முன்னே தொடங்கினார், யார் உண்மையான வழித்தோன்றல், யார் நடை தூயநடை என்னும் வழக்குகள் உண்டு. அவ்வழக்குகளில் நாம் செலவிட்ட மாலைப்பொழுதுகளை எண்ணிப் பாருங்கள். அதே மாலைகளில் நம் தெருப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் இன்று பிழையின்றி எழுதுவர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நான் எவரையும் சுட்டவில்லை. என்னைச் சேர்த்தே சொல்கிறேன்.

நாளை நீங்கள் ஒருவரது பேச்சில் ஒரு சொல்லைத் திருத்த முற்படும்போது, முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். அவர் நாணித் தலைகுனிவாரானால் பொறுங்கள். தனியே அழைத்துச் சொல்லுங்கள். நல்ல சொல்லை நீங்கள் பேசிக் காட்டுங்கள். அவரே விரும்பி அதனை எடுத்துக்கொள்ளும் நாள் வரும். அந்நாள் வரும்வரை காத்திருக்கத் தமிழுக்கு வலிமை உண்டு. காத்திருக்க நமக்குத்தான் பழக்கம் வேண்டும்.

இப்புதினத்தை வாய்ப்புள்ளோர் தேடிப் படியுங்கள். வையாக்கி மறந்த சொல்லை நாம் மறவாதிருப்போம்.